தனியாகக் கேட்பதா, கூட்டிவைத்துக் கேட்பதா, கூடவே இருந்து பார்ப்பதா: கால்நடை நல ஆய்வில் பண்புசார் முறைகள்

பிரிட்டனில் 222 பால்பண்ணைகளில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. ஆய்வாளர்கள் பார்த்ததில் சராசரியாக 36 சதவீத மாடுகள் நொண்டின. பண்ணையாளர்களைக் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தங்கள் பண்ணையில் நொண்டல் பெரிய பிரச்சினை இல்லை என்றார்கள்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? மாடு நொண்டுவது கண்ணில் படவே இல்லையா? பட்டும், பால்மாடு என்றால் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும் என்று பழகிவிட்டதா? தெரிந்தும் குளம்பு சீவ ஆளும் நேரமும் இல்லையா? வந்து கேட்டவரிடம் ஒப்புக்கொள்ளக் கூச்சமா? ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. கண்ணில் படவில்லை என்றால் பயிற்சி உதவும். நேரமில்லாதவருக்குப் பயிற்சி கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எந்தக் காரணம் எங்கே வேலை செய்கிறது என்பதை அறிய, அந்த மனிதர்களின் பேச்சையும் செயலையும் முறைப்படி ஆராய வேண்டும். பண்புசார் ஆய்வு செய்யும் வேலை அதுதான்.

கால்நடை மருத்துவத்தில் இந்த வகை ஆய்வுக்கு இப்போது இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் முறையைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வசதியைப் பார்த்துத்தான் நடக்கிறது. பண்ணையாளர்களைக் கூட்டுவது எளிதாக இருந்தால் குழு உரையாடல், வினாத்தாள் ஏற்கெனவே அச்சாகியிருந்தால் அதன் கடைசியில் ஒரு திறந்த கேள்வி என்று முடிவாகிவிடுகிறது. நான் வைக்கும் அளவுகோல் வேறு. நமக்கு வேண்டிய பதில் யாரிடம் இருக்கிறது, அவர் அதை யார் முன்னால் சொல்வார்? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதிப் பார்த்தால் முறை பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

வினாத்தாளின் கடைசிக் கட்டம்

முதலில் இதை முடித்துவிடலாம். ‘வேறு ஏதேனும் கருத்து உண்டா?’ என்று வினாத்தாளின் முடிவில் ஒரு கட்டம் போட்டு, அதில் வந்த ஒற்றை வரிகளைத் தொகுத்து, பண்புசார் ஆய்வு என்று பெயர் வைப்பது அடிக்கடி நடக்கிறது. அந்தக் கட்டத்துக்குப் பயன் இல்லாமல் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குறையைத் தாமாகவே எழுதியிருந்தால் அது கவனிக்க வேண்டிய செய்திதான். ஆனால் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்து, எந்த மருந்து, யார் கொடுத்தது, எத்தனை நாள் கொடுத்தார்கள், வேலை செய்யவில்லை என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று திருப்பிக் கேட்க முடியாது. திருப்பிக் கேட்கும் வாய்ப்பு இல்லாத இடத்தில் ஆழம் வராது. அந்த வரிகளை வகைப்படுத்தி எண்ணுங்கள், அளவுசார் முடிவுகளுக்குத் துணையாக வையுங்கள். அதற்குமேல் அவற்றின் மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

தனி நேர்காணல்

கால்நடை நலத்தில் நாம் அறிய விரும்பும் விஷயங்களில் பல, சொல்பவருக்குச் சங்கடம் தருபவை. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் போட்டது, மருந்து போட்ட மாட்டின் பாலை, மருந்து நீங்குவதற்கான காத்திருப்புக் காலம் முடியும் முன்பே விற்பனைக்கு ஊற்றியது, நோய் என்று சந்தேகம் வந்ததும் அதிகாரிக்குச் சொல்லாமல் விலங்கை விற்றுவிட்டது. இவற்றை அண்டைப் பண்ணைக்காரர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் ஒருவரிடம் பேசும்போது வெளிவரலாம். ஆகவே தனிமனித முடிவு, அச்சம், குற்ற உணர்வு, பணநெருக்கடி ஆகியவை சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் தனி நேர்காணல்தான் முதல் தெரிவு.

வழக்கமான வடிவம் அரைக்கட்டமைப்பு நேர்காணல். கையில் ஐந்தாறு தலைப்புகள் இருக்கும். வரிசையும் சொற்களும் பேச்சின் போக்கில் மாறும். ஒரு மணி நேரம் ஓடும், சில நேரம் அதற்கும் மேல். அதைப் பண்ணையிலேயே, முடிந்தால் நடந்துகொண்டே செய்வது நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து ‘உங்கள் பண்ணையில் நோய்த்தடுப்பு எப்படி?’ என்று கேட்டால் துண்டுப்பிரசுரத்தில் உள்ள பதில் வரும். கொட்டகையில் தனியாகக் கட்டியிருக்கும் ஒரு கன்றைக் காட்டி ‘இது ஏன் இங்கே நிற்கிறது?’ என்று கேட்டால் நடந்த கதை வரும்.

கேள்வியின் வடிவம்தான் பாதி ஆய்வு. ‘ஏன் தடுப்பூசி போடவில்லை?’ என்பது குற்றச்சாட்டாகக் காதில் விழும். கேட்பவர் கால்நடை மருத்துவர் என்றால் இன்னும் மோசம். ‘கடைசியாக ஒரு மாடு நொண்டியபோது என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்தால் யார் முதலில் பார்த்தார்கள், எத்தனை நாள் கழித்து யாரை அழைத்தார்கள், நடுவில் வீட்டில் என்ன பேச்சு வந்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அபிப்பிராயத்தைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்பது நேர்காணலின் தரத்தையே மாற்றிவிடுகிறது.

இதன் பெரிய பலவீனம் கேட்பவர்தான். கால்நடை மருத்துவர் கேட்டால் மருத்துவருக்குப் பிடித்த பதில் வரும். அரசுத் துறையிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் சட்டப்படியான பதில் வரும். சமூக அறிவியல் மாணவர் கேட்டால் மனம் திறக்கலாம், ஆனால் மடிநோய் பற்றிப் பண்ணையாளர் சொன்ன ஒரு நுணுக்கம் அவர் காதில் ஏறாமல் போகலாம். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. இருவரும் சேர்ந்த குழுவாக வேலை செய்வது நல்ல வழி. அது முடியாவிட்டால், கேட்டவர் யார், பண்ணையாளருக்கும் அவருக்கும் முன்பே பழக்கம் உண்டா, அது பேச்சை எப்படி மாற்றியிருக்கும் என்பதைக் கட்டுரையில் மறைக்காமல் எழுத வேண்டும். எழுதினால் ஆய்வின் மதிப்புக் குறையாது. எழுதாமல் விட்டால்தான் வாசகருக்கு எதையும் எடைபோட வழியில்லாமல் போகும்.

எத்தனை பேரிடம் பேச வேண்டும்? மாதிரி அளவுக்குச் சூத்திரம் போட்டுப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய உறுத்தல். கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களைத் திரும்ப ஆராய்ந்து, முதல் 12க்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006இல் எழுதினார்கள். அன்றிலிருந்து 12 என்பது மந்திர எண்ணாகிவிட்டது. அந்த எண்ணோடு வந்த நிபந்தனை மறந்துபோனது. ஒரே மாதிரியான மனிதர்கள், குறுகலான கேள்வி, எல்லாரிடமும் ஒரே தலைப்புகள் என்று இருந்தால்தான் அந்தக் கணக்கு. பத்து மாடு வைத்திருப்பவரையும் ஆயிரம் மாடு வைத்திருப்பவரையும், பன்றி வளர்ப்பவரையும் கோழி வளர்ப்பவரையும் கலந்துவிட்டு 12 போதும் என்பது சரியாகாது. மால்ட்ரூடும் சகாக்களும் 2016இல் முன்வைத்த ‘தகவல் வலிமை’ என்ற கருத்து இதைவிட உருப்படியானது. நோக்கம் குறுகலாகவும், பேசுபவர் விஷயம் தெரிந்தவராகவும், உரையாடல் ஆழமாகவும் இருந்தால் குறைந்த எண்ணிக்கை போதும். இவற்றில் எது பலவீனமோ அதற்கேற்ப எண்ணிக்கை கூட வேண்டும்.

குழு உரையாடல்

ஆறிலிருந்து எட்டுப் பேரை உட்காரவைத்துப் பேசவிட்டால், எட்டு நேர்காணல்களை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்ற எண்ணம் இருக்கிறது. இது தவறு. ஒன்றரை மணி நேரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதிலும் இருவர் பாதி நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். தனிமனிதரின் கதை அங்கே கிடைக்காது.

குழு தருவது வேறொன்று. ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் மறுக்க, மூன்றாமவர் சமாதானம் சொல்ல, அந்தச் சமூகத்தில் எது சரி, எது வெட்கக்கேடு, யார் சொன்னால் நம்புவார்கள் என்பது கண்முன்னால் விரியும். ‘நல்ல பண்ணையாளர்’ என்றால் யார், புதிய தடுப்பூசித் திட்டத்தைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள், ஒரு நோயை எந்த அடையாளங்களால் பிரித்தறிகிறார்கள் என்ற கேள்விகளுக்கு இது சிறந்த வழி. எல்லாரும் ஒரே குரலில் ஒத்துப்போகும் இடத்தைவிட, சட்டென்று பேச்சு நின்று பார்வைகள் விலகும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தனியாகக் கேட்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

யாரோடு யாரை உட்காரவைப்பது என்பதில் கவனம் தேவை. உரிமையாளரையும் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரையும் ஒரே வட்டத்தில் வைத்தால், நாள்தோறும் மாட்டைத் தொட்டுப் பார்ப்பவர் வாய் திறக்க மாட்டார். மருந்து விற்பவரும் வாங்குபவரும் ஒன்றாக இருந்தால் ஆன்டிபயாடிக் பற்றிய பேச்சு உண்மையாக இருக்காது. கறப்பவர் ஒருவர், கணக்கு வைப்பவர் ஒருவர், விற்பனையை முடிவுசெய்பவர் ஒருவர் என்று இருக்கும் குடும்பப் பண்ணைகளில், ‘பண்ணையாளர்’ என்று ஒருவரை மட்டும் அழைத்தால் அறிவின் ஒரு துண்டு மட்டுமே கிடைக்கும்.

நம் துறையில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கலும் உண்டு. கோமாரியோ பறவைக் காய்ச்சலோ ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலோ பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில் பல பண்ணைகளின் ஆட்களை ஓரிடத்தில் கூட்டினால், செருப்பிலும் துணியிலும் வண்டிச் சக்கரத்திலும் கிருமி ஊர் மாறிப் போகலாம். நோயைப் புரிந்துகொள்ளக் கூட்டிய கூட்டமே நோயைப் பரப்பிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் குழு உரையாடலை ஒத்திவைப்பதுதான் சரி. தொலைபேசியிலோ காணொளியிலோ தனித்தனியாகப் பேசலாம். கொட்டகையை நேரில் பார்க்கும் வாய்ப்பை இழப்போம், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். அமைதியான காலத்திலும் ஒரே நாளில் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கும் நேர்காணல் திட்டத்தை நோய்த்தடுப்பு விதிகளோடு ஒத்துப்பார்க்காமல் போடக் கூடாது.

பங்கேற்பு நோய்ப்பரவலியல்

இது கால்நடைத் துறை தனக்கென்று வளர்த்தெடுத்த முறை. அதனால் இதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

ராபர்ட் சேம்பர்ஸ் முதலானோர் 1980களிலும் 90களிலும் கிராம வளர்ச்சிப் பணிக்காகப் பரப்பிய பங்கேற்பு முறைகளை ஜெஃப்ரி மரைனர், ஆண்ட்ரூ கேட்லி போன்ற கால்நடை மருத்துவர்கள் நோய் ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். பதிவேடு இல்லாத இடம், ஆய்வுக்கூடம் எட்டாத தூரம், ஓரிடத்தில் நிற்காத மந்தைகள். வழக்கமான மாதிரிக் கணக்கெடுப்பு அங்கே நடக்காது. ஆனால் மேய்ப்பவர்களுக்கு ஒவ்வொரு விலங்கும் தெரியும், அதன் தாயும் தெரியும், எந்த ஆண்டு எந்த நோயில் எது செத்தது என்பதும் நினைவிருக்கும். அந்த அறிவை முறையாக வெளிக்கொணரும் உத்திகள்தான் இவை.

உதாரணமாக, விகிதக் குவியல். நூறு கற்களையோ விதைகளையோ கொடுத்து, இது உங்கள் மந்தை, இதில் கடந்த ஓராண்டில் நோயுற்றவை எவ்வளவு, அவற்றில் எந்த நோயால் எவ்வளவு, இறந்தவை எவ்வளவு என்று பிரித்து வைக்கச் சொல்வார்கள். அணி மதிப்பீடு என்பது ஓர் அட்டவணை: நோய்கள் ஒருபுறம், அறிகுறிகள் மறுபுறம். எந்த நோயில் இந்த அறிகுறி அதிகமோ அங்கே அதிகக் கற்கள். பருவ நாட்காட்டியில் மழை, மேய்ச்சல் இடமாற்றம், பூச்சிகளின் பெருக்கம், நோய் வரும் மாதம் ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவார்கள். எழுத்தறிவு தேவையில்லை. கல்லை நகர்த்தித் திருத்திக்கொள்ளலாம். ஒருவர் வைத்த கல்லை இன்னொருவர் எடுத்து வேறிடத்தில் வைக்கும்போது எழும் வாக்குவாதத்தில்தான் மிக நல்ல தகவல் இருக்கும். பல குழுக்கள் வைத்த மதிப்பீடுகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதைக் கெண்டால் ஒத்திசைவுக் கெழுவால் அளக்கவும் முடியும். எண்களை விரும்பும் கால்நடை இதழ்களில் இந்த முறை நுழைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதன் வலிமையை நிரூபித்தது, மாடுகளைக் கொல்லும் வெக்கை நோயின் (ரிண்டர்பெஸ்ட்) ஒழிப்பு. கடைசியாக உறுதிசெய்யப்பட்ட தொற்று 2001இல் கென்யாவில். 2011இல் நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் இது. குளிர்சாதனம் இல்லாமலும் சில வாரம் தாங்கும் தடுப்பூசியும், அதைத் தொலைவுக்குக் கொண்டுபோன சமூகக் கால்நடைப் பணியாளர்களும் அதற்கு முக்கியக் காரணம். கிழக்கு ஆப்பிரிக்காவில் மிதமான அறிகுறியோடு ஒளிந்திருந்த கடைசித் தொற்றுகளைத் தேட, மேய்ப்பர்களின் விவரிப்பைப் பின்தொடர்ந்து போன பங்கேற்பு நோய்த்தேடலும் பெரிதும் உதவியது. 2006இலிருந்து இந்தோனேசியாவில் பறவைக் காய்ச்சலைக் கண்காணிக்கவும் இதே அணுகுமுறையைப் பயன்படுத்தினார்கள்.

நோய் ஒழிப்பைவிட எனக்கு அதிகம் பிடித்தவை சிறிய ஆய்வுகள். தெற்கு சூடானில் மாடுகள் மெலிந்து மெலிந்து சாகும் ஒரு நோயை மேய்ப்பர்கள் ‘லியேய்’ என்று அழைத்தார்கள். மருத்துவ நூலில் அதற்கு நேரான நோய் இல்லை. அணி மதிப்பீடும் விலங்குப் பரிசோதனையும் சேர்த்துப் பார்த்தபோது, கல்லீரல் தட்டைப்புழு, டிரிபனோசோம், ரத்தத் தட்டைப்புழு, குடல்புழு என்று பல ஒட்டுண்ணிகள் கலந்து தாக்கும் நிலை அது என்று தெரிந்தது. தான்சானியாவில் வெயில் தாங்காமல் இரைக்கும் மாடுகள், கோமாரி வந்து பிழைத்தவை என்று மேய்ப்பர்கள் சொன்னார்கள். ஆய்வு அந்தத் தொடர்பை ஆதரித்தது. 2006-07இல் கென்யாவில், கொசுவால் பரவும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வந்தபோது, பெருமழை தொடங்கி மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்கள் கழித்துக் கொசுக்கூட்டம், அதற்கு இரண்டரை வாரம் கழித்து விலங்குகளில் நோய் என்ற வரிசையைச் சோமாலி மேய்ப்பர்களின் நினைவிலிருந்து ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். அதிகாரபூர்வ நடவடிக்கை தொடங்கும் முன்பே அவர்கள் அதைப் பார்த்திருந்தார்கள். எச்சரிக்கை எங்கிருந்து வரும் என்று எதிர்பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

எங்கே இது உதவாது? கண்ணுக்குத் தெரியாத நோயில். அறிகுறி காட்டாத மடிநோயையோ, கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா கிருமியைச் சுமந்துகொண்டு நன்றாக மேயும் மாட்டையோ எவ்வளவு அனுபவமுள்ள மேய்ப்பரும் கல் வைத்துக் காட்ட முடியாது. அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்த நோயிலும் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் ஒப்பிட நினைவு இல்லை. கல் எண்ணிக்கையை நோய்ப்பரவல் சதவீதமாக எழுதிவிடும் ஆசையும் ஆபத்தானது. அது மக்கள் மனத்தில் அந்த நோய்க்கு இருக்கும் எடை. ரத்தப் பரிசோதனையோடும் சடலப் பரிசோதனையோடும் ஒப்பிட்ட பிறகே அதற்குமேல் பேச வேண்டும். இன்னொன்று: குவியலைப் படம் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி நடந்த பேச்சைப் பதிவுசெய்யாமல் வந்துவிட்டால், பண்புசார் ஆய்வின் உயிரையே விட்டுவிட்டு வந்ததாகும்.

கூடவே இருந்து பார்ப்பது, நாட்குறிப்பு எழுதச் சொல்வது

சொல்வதும் செய்வதும் வேறாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் கூடவே இருந்து பார்ப்பதுதான் வழி. பொய் சொல்கிறார்கள் என்று பொருள் இல்லை. தினமும் செய்யும் வேலை கைக்குப் பழகியிருக்கும், வாய்க்கு வராது. கறவைக்கு முன் மடியைத் துடைக்கும் துணி எத்தனை மாட்டுக்கு ஒன்று, சீம்பால் கன்றுக்கு எந்த நேரத்தில் கிடைக்கிறது, மருந்தின் அளவை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பவை பார்த்தால்தான் தெரியும். விலை நேரம். ஒரு பண்ணையில் பல வாரம் இருக்க வேண்டும். முதல் சில நாட்கள் நாம் இருப்பதாலேயே எல்லாம் ஒழுங்காக நடக்கும். முதுகலை ஆய்வுக்கான கால அளவில் இது சிரமம், ஆனால் நேர்காணலோடு சேர்த்து இரண்டு மூன்று கறவை நேரங்களைப் பார்ப்பது யாருக்கும் முடியும்.

நாட்குறிப்பு முறையைக் கால்நடை ஆய்வாளர்கள் அதிகம் எடுத்துக்கொள்வதில்லை. 2001இல் பிரிட்டனில் கோமாரி பரவி, நோயைக் கட்டுப்படுத்த 60 லட்சத்துக்கும் மேலான விலங்குகளைக் கொன்ற பிறகு, வடக்கு கம்ப்ரியாவில் 54 பேர் ஒன்றரை ஆண்டு காலம் வாரந்தோறும் நாட்குறிப்பு எழுதினார்கள். பண்ணையாளர்கள் மட்டுமல்ல, சுற்றியிருந்த பிற தொழில் செய்தவர்களும் அதில் இருந்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது: நோய் முடிந்தது என்று அறிவித்த பிறகும் துக்கமும், திரும்பத் திரும்ப வரும் கொடிய நினைவுகளும், அதிகாரிகள் மேல் போய்விட்ட நம்பிக்கையும் நீடித்தன. ஒருமுறை போய் எடுக்கும் நேர்காணலில் இந்த ஓட்டம் கிடைத்திருக்காது. காலப்போக்கில் மாறும் ஒன்றை ஆராய்வதாக இருந்தால், எழுதிப் பழகியவர்களும் இருந்தால், இதைக் கருதிப் பாருங்கள். எழுத முடியாதவர்களுக்குக் குரல்பதிவு உண்டு.

பகுப்பாய்வை எப்போது முடிவு செய்வது

முதல் நேர்காணலுக்கு முன்பே. நாற்பது மணி நேர ஒலிப்பதிவைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முறையில் அலசுவது என்று யோசிப்பது மிகத் தாமதம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கவே குறைந்தது நான்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

முதன்முறை செய்பவர்களுக்கு என் பரிந்துரை இரண்டில் ஒன்று. கேள்வி திறந்ததாக, இன்னும் வடிவம் பெறாததாக இருந்தால் பிரானும் கிளார்க்கும் 2006இல் ஆறு கட்டங்களாக விளக்கிய கருப்பொருள் பகுப்பாய்வு, அதாவது பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் பொருள்களைக் கண்டெடுப்பது. கேள்வி ஏற்கெனவே தெளிவாக இருந்து, கொள்கை முடிவுக்காகக் குறித்த தேதியில் பதில் வேண்டும் என்றால், குழுவில் பல துறையினர் இருந்தால், சட்டகப் பகுப்பாய்வு. ஒவ்வொருவரும் ஒரு வரிசை, ஒவ்வொரு கருப்பொருளும் ஒரு நெடுவரிசை என்று அட்டவணையாகப் போடுவதால் கால்நடை மருத்துவரும் பொருளியலாளரும் ஒரே பக்கத்தைப் பார்த்து விவாதிக்கலாம்.

கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் முன்வைத்த, தரவிலிருந்தே கோட்பாட்டை எழுப்பும் கிரவுண்டட் தியரியின் பெயரைப் பலரும் போடுகிறார்கள். ஆனால் அது கேட்பது கடினமானது. சில நேர்காணல் எடுத்து, அலசி, அதில் எழுந்த கேள்வியை வைத்து அடுத்து யாரிடம் போவது என்று முடிவு செய்து, மறுபடி அலசி என்று மாறி மாறிப் போக வேண்டும். எல்லா நேர்காணலையும் முதலில் எடுத்துவிட்டு, பேச்சின் பகுதிகளுக்குப் பொருள்வாரியாகக் கடைசியில் குறியிட்டால் அது கிரவுண்டட் தியரி ஆகாது. அந்த நெகிழ்வு உங்கள் அனுமதியிலும் காலத்திலும் இருந்தால் எடுங்கள்.

இருவர் தனித்தனியே குறியிட்டு, ஒத்துப்போகும் அளவைக் கப்பா எண்ணாகக் காட்டச் சொல்லும் இதழ் மதிப்பீட்டாளர்கள் நம் துறையில் நிறைய. குறிகளை முன்கூட்டியே வரையறுத்த ஆய்வுக்கு அது பொருந்தும். ஆய்வாளரின் சிந்தனையையே கருவியாகக் கொள்ளும் கருப்பொருள் பகுப்பாய்வுக்குப் பொருந்தாது என்று பிரானும் கிளார்க்குமே வாதிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் இணங்கிப்போகாமல் காரணத்தை எழுதி அனுப்புங்கள். என்விவோ, அட்லஸ் போன்ற மென்பொருள்கள் குறிகளை அடுக்கி வைக்கும். சிந்திப்பது நாம்தான்.

அறிக்கை எழுதும்போது நேர்காணலுக்கும் குழு உரையாடலுக்கும் என்னென்ன விவரம் தர வேண்டும் என்று சொல்லும், 2007இல் வந்த 32 அம்சங்கள் கொண்ட கோரெக் (COREQ) பட்டியல் பொருந்தும். நாட்குறிப்பு, களநோக்கு உள்ளிட்ட மற்றவற்றுக்கு 2014இல் வந்த 21 அம்ச எஸ்ஆர்க்யூஆர் (SRQR) பட்டியல் அகலமானது.

சேர்த்துச் செய்வதானால் எது முதலில்

ஒரே ஆய்வில் இரண்டு முறைகளைச் சேர்ப்பது நல்லதுதான், வரிசை தெரிந்தால். பண்ணையாளர்கள் ஒரு விஷயத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்றே தெரியாத நிலையில் வினாத்தாள் அடித்தால், நம் ஊகங்களுக்கு ‘ஆம், இல்லை’ வாங்கிக்கொண்டு வருவோம். அங்கே முதலில் குழு உரையாடல், பிறகு தனி நேர்காணல், அதிலிருந்து வினாத்தாள். மாறாக, எண்கள் ஏற்கெனவே கைவசம் இருந்து அவை புதிராக இருந்தால், அந்த எண்களை வைத்தே ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நோய், ஒரே தடுப்பூசி, ஒரே அளவு மந்தை. ஒரு பண்ணையில் இழப்பு மிகக் குறைவு, இன்னொன்றில் மிக அதிகம். அந்த இரு முனைகளில் இருப்பவர்களிடம் பேசுவது சராசரியான இருபது பேரிடம் பேசுவதைவிட அதிகம் சொல்லித்தரும். பணமும் காலமும் ஒரு முறைக்குத்தான் போதும் என்றால், பண்ணையில் நடந்துகொண்டே எடுக்கும் தனி நேர்காணலைத் தேர்ந்தெடுப்பேன். பதிவேடே இல்லாத, நகரும் மந்தைகள் உள்ள இடம் என்றால் மட்டும் பங்கேற்பு நோய்ப்பரவலியல்.

அனுமதியும் வாக்குறுதியும்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இதற்குப் போதாது. இங்கே ஆய்வுக்கு உட்படுபவர் மனிதர். மனித ஆய்வுகளுக்கான நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், களத்துக்குப் போகும் முன்பே வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் எடுத்த நேர்காணல்களைப் பயன்படுத்த முடியாமலே போகலாம்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஒரு வட்டாரத்தில் பெரிய பன்றிப் பண்ணை ஒன்றுதான் இருந்தால், விலங்கின் எண்ணிக்கையே பெயராகிவிடும். மேற்கோளைப் போடும் முன், அதை அவருடைய அண்டைப் பண்ணைக்காரர் படித்தால் யார் என்று கண்டுபிடிப்பாரா என்று பார்க்க வேண்டும். கண்டுபிடிப்பார் என்றால் விவரத்தை மாற்றுங்கள், அல்லது அந்த மேற்கோளை விடுங்கள், எவ்வளவு நல்ல மேற்கோளாக இருந்தாலும்.

எல்லாவற்றிலும் கடினமானது இன்னொன்று. ரகசியம் காப்போம் என்று சொல்லி உட்கார்ந்த நேர்காணலில், அறிவிக்கக் கடமைப்பட்ட நோயின் அறிகுறியைப் பண்ணையாளர் விவரிக்கிறார். அல்லது கொட்டகையில் விலங்கு கடும் வேதனையில் கிடப்பது கண்ணில் படுகிறது. கேட்பவர் கால்நடை மருத்துவர் என்றால் பல நாடுகளில் சட்டமும் தொழில் நெறியும் அவரை அறிவிக்கச் சொல்லும். அந்த நொடியில் யோசித்து முடிவெடுக்கக் கூடாது. எந்தச் சூழலில் ரகசியம் காக்க முடியாது, அப்போது யாரிடம் என்ன சொல்வோம், அதற்கு முன் பண்ணையாளரிடம் சொல்வோமா என்பதைத் திட்டத்திலேயே எழுதி, ஒப்புதல் படிவத்தில் எளிய மொழியில் வைத்து, ஒலிப்பதிவுக் கருவியை இயக்கும் முன் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். அதைக் கேட்டுச் சிலர் பேச மறுப்பார்கள். மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள்.